ஜப்பானைப் போல் உழைக்க வேண்டுமாம்!

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஜப்பானிய மூலதனம் வருகிறது. கும்மிடிப்பூண்டி தாலுகா பெருவாயலில் 1,891 கோடி ரூபாய்ச் செலவில் ஏ.சி. இயந்திரத் தொழிற்சாலை அமைக்க மிட்சுபிஷி எலக்ட்ரிக் கம்பெனி 2023-ல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வரட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் இத்தகைய மூலதனத்தோடு ஓர் உபதேசமும் சேர்ந்து வருகிறது. “ஜப்பான்காரனைப் பாருங்கள்! வாய் பேசாமல் உழைத்தான், கொடி பிடிக்கவில்லை, அதனால் உயர்ந்தான்” என்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்கிறதா?

1868-ல் ஜப்பானில் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டது. மேல்நாட்டாரின் பீரங்கிக்குப் பணியாமலிருக்க ஆலையும் ரயிலும் கப்பலும் வேண்டும் என்று புதிய ஆட்சியாளர்கள் துணிந்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. பணம் எங்கிருந்து வந்தது? 1873-ல் நில மதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் ரொக்க வரி விதித்தார்கள். விளைந்தாலும் பொய்த்தாலும் கட்டியாக வேண்டும். விவசாயிகள் கலகம் செய்தார்கள். 1877-ல் வரி இரண்டரையாகக் குறைந்தது. ‘வாய் பேசாத’ ஜப்பானியரின் லட்சணம் இது!

மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ஆலைகளை சர்க்கார் பிறகு பெருவணிகர்களுக்குக் கைமாற்றியது. நாகசாகி கப்பல் கட்டும் தளம் 1887-ல் மிட்சுபிஷி கையில் போய்ச் சேர்ந்தது. (அன்றைய மிட்சுபிஷி சாம்ராஜ்யம் யுத்தத்துக்குப் பின் பிரிக்கப்பட்டுவிட்டது. இன்றைய கம்பெனி வேறு.)

பட்டும் நூலும் விற்ற காசில்தான் அந்நிய இயந்திரங்களும் போர்க்கப்பல்களும் வாங்கப்பட்டன. அந்தப் பட்டை நூற்றது யார்? குத்தகை விவசாயியின் பெண்மக்கள். தகப்பன் கையில் முன்பணம் கொடுத்து, கைரேகை வாங்கி, ஏஜெண்டு அழைத்துப் போவான். ஆலைக்குள்ளேயே விடுதி. வெளியே போக அனுமதி கிடையாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வேலை. காச நோய் கண்டவள் ஊருக்கு அனுப்பப்படுவாள். தொழிற்சாலைச் சட்டம் 1911-ல் எழுதப்பட்டு 1916-ல்தான் அமலுக்கு வந்தது. பெண்களின் இரவு வேலையை நிறுத்த 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1886-ல் கோஃபு நகரத்துப் பட்டாலை முதலாளிகள் ஒன்றுகூடி நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைத்தபோது, அமமியா ஆலையின் பெண்கள் சுமார் நூறு பேர் வேலையை விட்டு வெளியேறி ஒரு கோயிலில் கூடினார்கள். முதலாளி இறங்கி வந்தார். ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் அதுவே. 1900-ல் சங்கத்தை ஒடுக்க ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது என்றால், கொடி பிடிக்காதவர்களுக்கு அந்தச் சட்டம் எதற்கு?

உழைப்பவன் கையில் காசில்லாத நாட்டில் சரக்கை யார் வாங்குவது? முதலாளிகளும் தளபதிகளும் கடல் கடந்து பார்த்தார்கள். 1895-ல் சீனாவைத் தோற்கடித்து 20 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு பறித்தார்கள். 1901-ல் யவாட்டா எஃகு ஆலை எழுந்ததற்கு அந்தப் பணமும் உதவியது. 1905-ல் ஜார் மன்னன் தோற்றபோது நம் தேசபக்தர்களும் மகிழ்ந்தார்கள். ஐந்தே ஆண்டில் கொரியா விழுங்கப்பட்டது. 1931-ல் மஞ்சூரியா, 1937-ல் சீனா முழுவதன் மீதும் யுத்தம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற கோஷத்தோடு வந்தவர்கள், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஓட்டிப் போனார்கள். பெரும்பாலோர் தமிழர். நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்ற பசப்பு. மறுத்தவர்களுக்குப் பலாத்காரம். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மடிந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசை உண்டு. நம்மவருக்குப் பெயரில்லாக் குழிகள்.

ஜப்பானில் சங்கம் வைக்கும் உரிமை 1945-ல் சட்டமாயிற்று. அந்நாட்டுத் தொழிலாளியின் வாழ்வு உயர்ந்தது அதற்குப் பிறகுதான். உபதேசிகள் இந்த ஆண்டைச் சொல்வதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் காண்டிராக்டர் கொடுத்த அறையில் நெருக்கிப் படுக்கிறார்கள். விடியுமுன் கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். இவர்களுக்கு நிரந்தர வேலை உண்டா, சங்கம் வைத்தால் வேலையில் நீடிக்க முடியுமா? ஜப்பானிய உதாரணம் காட்டும் கனவான்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.