செட் ஆகல... செட் ஆயிடும்!

தளவானூர்ல எங்க ஆயாவுக்கு 'செட்டு'ன்னா ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு கழனியில இருக்குற பம்புசெட்டு. இன்னொண்ணு ராத்திரியில டம்ளர் தண்ணியில போட்டு வைக்கிற பல்செட்டு. இதுல எது ரிப்பேர் ஆனாலும் அன்னிக்கு வீடு ரெண்டாயிடும்.

நமக்கு அப்படியா? சும்மா ஒரு நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். திருவிழான்னா மைக்செட்டு, மேளசெட்டு, பேண்டுசெட்டு. கல்யாணச் சீர்ல சோபா செட், பாத்திர செட். ஓட்டலுக்குப் போனா செட் தோசை. டிவிக்கு செட்டாப் பாக்ஸ். சினிமாவுக்கு செட்டு போடுறது. வாலிபால்ல ரெண்டாவது செட்டு. கூடப் படிச்சவன் 'எங்க செட்டு'. அதுவே அம்மா வாயில வந்தா, "அந்தச் செட்டோட சேராதே". அலாரத்தை செட் பண்ணலாம், பொண்ணை செட் பண்ணிட்டதா பீத்திக்கலாம். 'செட்டப்'னு கூட ஒரு எழுத்து சேர்த்தா ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தரோட ரகசியமே வெளிய வந்துடும் :-)

இது போதாதுன்னு 'ஷெட்'டையும் நாம 'செட்டு' ஆக்கிட்டோம். மெக்கானிக் செட்டு, கார் செட்டு எல்லாம் அந்தக் கேஸ்தான். ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை நம்ம வாய்க்குள்ள வந்து ஒண்ணாயிடுச்சு.

இங்கிலீஷ்காரனே இதோட மல்லுக்கட்டினவன்தான். 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோட ரெண்டாம் பதிப்புல 'செட்'ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். ரொம்ப நாள் அதுதான் சாதனை. 2011 வாக்குல 'ரன்' 645 பொருளோட முந்திடுச்சு.

உடனே "தமிழ் சாகுது"ன்னு நான் கொடி பிடிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. பம்புசெட்டுக்கு நல்ல தமிழ் தேடி எந்த விவசாயியும் தூக்கம் கெட்டதில்லை. அரசாங்க அறிவிப்புலயே பம்புசெட்டுன்னுதான் போடுறாங்க. எங்க ஊர் மலையில ஏழாம் நூற்றாண்டுல மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கு. பேரு சத்ருமல்லேஸ்வரம். சத்ருமல்லன்ங்கிறது அந்த ராஜாவோட வடமொழிப் பட்டப்பேர். அங்க வடமொழிக் கல்வெட்டும் உண்டு, தமிழ்ல பாட்டாவே எழுதின கல்வெட்டும் உண்டு. வேற மொழி வார்த்தை ஊருக்குள்ள வர்றது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

பொருளோட கூட வந்த வார்த்தையால எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. என் கோபமெல்லாம் ஒரே ஒரு செட் மேலதான். 'செட் ஆகல'.

அக்கா பொண்ணைக் கல்யாணம் பண்ணி வெளியூர் அனுப்பினோம். போன் பண்ணும்போதெல்லாம் கேட்பேன், "எப்படிம்மா இருக்கே?"

"இன்னும் செட் ஆகல மாமா."

புது ஊர், புதுத் தண்ணி, புது மனுஷங்க. அதைத்தான் சொல்லுதுன்னு நினைச்சேன். "போகப் போக செட் ஆயிடும்மா"ன்னு நானும் அதே வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துட்டு வச்சிடுவேன். எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு. அதுவும் அதையே சொல்லும், நானும் அதையே சொல்லுவேன்.

பொங்கலுக்கு வந்தப்போ ஆயா அதே கேள்வியைக் கேட்டுது. பொண்ணு அதே பதிலைச் சொல்லுச்சு. ஆயாவுக்குத்தான் அந்த வார்த்தை தெரியாதே!

"செட்டு ஆகலன்னா என்னாடி அர்த்தம்? சோறு ஒத்துக்கலையா? மாமியாரு ஒத்துவரலையா? அவன் அடிக்கிறானா?"

மூணாவது கேள்விக்குப் பொண்ணு அழுதுடுச்சு.

அப்புறம் நடந்ததெல்லாம் வீட்டு விஷயம். இப்ப பொண்ணு எங்க கூடத்தான் இருக்கு. செஞ்சியில வேலைக்குப் போகுது. ஆனா அன்னிக்கு அது என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. "நான்தான் எட்டு மாசமா சொல்லிட்டிருந்தேனே மாமா, செட் ஆகலன்னு."

சொல்லத்தான் சொல்லியிருக்கு. எனக்குத்தான் கேட்கல.

யோசிச்சுப் பாருங்க. ஒத்துக்கல, ஒத்துவரல, பொருந்தல, பிடிக்கல, மனசு ஒட்டல, பயமா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு தனி விஷயம். ஒவ்வொண்ணுக்கும் நாம செய்ய வேண்டியதும் வேற வேற. தண்ணி ஒத்துக்கலன்னா காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாம். பயமா இருக்குன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும். எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டா உள்ள இருக்குறது நெல்லா பாம்பான்னு எப்படித் தெரியும்?

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 'செட் ஆகல'ங்கிறதுல ஒரு மரியாதை உண்டு. வந்த சம்பந்தம் பிடிக்கலன்னா அந்தக் காலத்துல "ஜாதகம் பொருந்தல"ன்னு சொல்லி அனுப்புவாங்க. யார் மனசும் நோகாது. இப்ப அந்த வேலையை 'செட் ஆகல' பார்க்குது. விட்டுட்டு வந்த வேலையைப் பத்தி விவரம் சொல்லப் பிடிக்கலன்னாலும் அது உதவும். மறைச்சுக்க ஒரு வார்த்தை மனுஷனுக்கு வேண்டியதுதான். அதனால அந்தப் பொண்ணு மேல எனக்குக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. வாயில வராத விஷயத்தைக் கையில கிடைச்ச வார்த்தையால மூடி வச்சிருந்துது. மூடியைத் திறந்து பார்க்க வேண்டியவன் நான்.

ஆகவே மக்களே, வார்த்தையை ஒழிக்கச் சொல்லல. ஒழிக்கவும் முடியாது. உங்க பையனோ, தங்கச்சியோ, ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணோ "செட் ஆகல"ன்னு சொன்னா, "செட் ஆயிடும்"னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆயா மாதிரி "செட்டு ஆகலன்னா என்னா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க.

டிஸ்கி: ஆயாவுக்குப் போன மாசம் புதுப் பல்செட்டு கட்டினோம். எப்படி இருக்குன்னு கேட்டேன். "கீழ இடது பக்கம் ஈறுல குத்துது, ராவச் சொல்லு"ங்குது. இது பேச்சு!