அனாமத்துக் கணக்கு

உங்கள் செல்போனில் 'ஸ்கூல் கேங்' என்றோ, '95 பேட்ச்' என்றோ, 'மறக்க முடியுமா' என்றோ ஒரு வாட்ஸ்அப் குரூப் கட்டாயம் இருக்கும். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். காலையில் ரோஜாப்பூவோடு ஒரு குட்மார்னிங். யாருக்காவது பிறந்த நாள் என்றால் வரிசையாக முப்பது கேக். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டு, 'அந்த நாள் திரும்ப வருமாடா?' என்று கண் கலங்குவார். அதேதான்!

அந்த குரூப்பைத் திறந்து, அதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம், ஒன்பதாம் வகுப்பில் உங்களோடு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கணக்கு இடிக்கிறதா? எனக்கும் இடித்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

நாங்கள் படித்த காலத்தில் எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் நாமக்கல் மாவட்டம் ஆனது. லாரிக்கும் முட்டைக்கும் பேர் போன பூமி. பிறகு மார்க்குக்கும் பேர் வாங்கியது. எங்களுடையது பெரிய ஹாஸ்டல் பள்ளி எல்லாம் கிடையாது. சாதாரண ஊர்ப் பள்ளிக்கூடம். 1995-ல் பத்தாம் வகுப்பு எழுதிய நாங்கள், முப்பது வருடம் கழித்து 2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று கூடினோம்.

தலைக்கு 2,500 ரூபாய். கல்யாண மண்டபம். வாசலில் யானை சைஸுக்கு ஃப்ளெக்ஸ். எல்லோருக்கும் ஒரே கலரில் டி-ஷர்ட், தொப்பை தெரியாத அளவுக்கு லூஸாக. ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை, ஷீல்டு. மேலே இருந்து படம் பிடிக்க டிரோன் கேமரா வேறு! அதற்கு மட்டும் 8,000 ரூபாய். 28 வழுக்கைகளையும் சாயம் பூசிய தலைகளையும் ஆகாயத்திலிருந்து பார்த்து ரசித்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் கழித்து ஒருவன் பின்னால் வந்து முதுகில் அறைந்து, வீட்டில்கூட மறந்துபோன பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கல்லுக்கும் ஈரம் கசியும். எனக்கும் கசிந்தது. அதனால், 'இவன் எதிலும் குறை கண்டுபிடிக்கிற ஆள்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

காலையில் முதல் நிகழ்ச்சியாக, இறந்துபோன மூன்று நண்பர்களுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு ஒவ்வொருவராக மைக் பிடித்து, தான் இப்போது என்ன பதவியில் இருக்கிறோம், பையன் எங்கே படிக்கிறான், பெண் எந்த நாட்டில் இருக்கிறாள் என்று சொன்னோம். அடுத்தது நினைவலைகள்.

"சார் அன்னைக்கு அடிச்ச அடிதான் இன்னைக்கு என்னை ஆளாக்கிச்சு" என்றார் ஒருவர். பலத்த கைதட்டல். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று அப்பாக்கள் சொல்லிவிட்டுப் போன காலம் அது. அடி வாங்கி ஆளானவர் மைக் பிடித்துவிட்டார். அதே அடியில் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடிப்போனவன் எங்கே வந்து மைக் பிடிப்பான்? அவன் கருத்தை யார் கேட்டார்கள்?

"நாங்கள்லாம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோம்" என்றார் இன்னொருவர். அதற்கும் கைதட்டல். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. வகுப்பில் பாதிப் பேர் டிபன் பாக்ஸே கொண்டு வந்ததில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த சத்துணவுதான் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடுவார்கள். டிபன் பாக்ஸ்காரர்கள் மரத்தடியில் உட்காருவோம். முப்பது வருடத்தில் அந்த வரிசை எங்கள் ஞாபகத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

மத்தியானம் பிரியாணி முடிந்து, மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

"வாங்க சார். என்னைத் தெரியுதுங்களா?"

டீ மாஸ்டரை உற்றுப் பார்த்தேன். தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். என் காம்பஸை இரவல் வாங்கியே ஜாமெட்ரி போட்டவன்.

"டேய்! என்னடா சார் மோருன்னுக்கிட்டு? நீ ஏன் உள்ள வரல?"

"உங்க பங்ஷனுக்குக் காலையில நாப்பது டீ நம்ம கடையிலிருந்துதானுங்க போச்சு. கேன்ல குடுத்து உட்டேன்."

உங்க பங்ஷன். அந்த 'உங்க' எனக்குச் சுருக்கென்று குத்தியது.

"உனக்கு யாருமே சொல்லலையாடா?"

"நான் பத்தாவது படிக்கலீங்களே. ஒம்பதாவதோட டி.சி. குடுத்துட்டாங்கல்ல. பேனர்ல பத்தாம் வகுப்புன்னுதான போட்டிருக்குது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. விதிமுறையைச் சொல்வதுபோலச் சொன்னான். டீயை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "நம்ம கபடிக்காரன் போயிட்டான், தெரியுங்களா? ரிக் வண்டி வேலைக்குப் போயிட்டு இருந்தான். 2021-ல, ரெண்டாவது அலையில. பெட்டு கெடைக்காம ரெண்டு நாளு ஆம்புலன்ஸுலயே சுத்துனாங்க."

தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. அன்று காலையில் மூன்று பேருக்காக எழுந்து நின்றோம். நாலாவது ஆளுக்காக யாரும் நிற்கவில்லை. அவனும் ஒன்பதாவதோடு டி.சி. வாங்கியவன்.

இதே 2021 மே மாதம், எங்கள் குரூப்பில் ஒருவரின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி போட்டார். பதினோரு மணிக்குள் 1,40,000 ரூபாய் சேர்ந்தது. குரூப்பில் இருக்கும் டாக்டர் நாலு இடத்துக்குப் போன் அடித்து ஒரு படுக்கையும் பிடித்துக் கொடுத்தார். அந்த அம்மா பிழைத்துவிட்டார். நான்கூட அந்தச் சமயத்தில் 'இதுதான்டா நட்பு' என்று பெருமையாகப் பதிவு போட்டேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் இதை வெறும் கெட்-டுகெதர் விஷயமாக விட்டுவிட மாட்டேன் என்கிறேன் என்று? அந்த குரூப் அரட்டை மடம் மட்டும் அல்ல. ஆபத்து வந்தால் தாங்கிப் பிடிக்கிற வலை. யார் அந்த வலைக்குள், யார் வெளியே என்பதை 1994-ல் ஒரு தலைமை ஆசிரியர் முடிவு செய்தார். நாங்கள் 2025 வரை அதற்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருக்கிறோம்!

எப்படி முடிவு செய்தார் என்பதைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்ததும் சில அப்பாக்களுக்கு அழைப்பு வரும். "உங்க பையன் பத்தாவது தேற மாட்டான். நீங்களா டி.சி. வாங்கிக்கிட்டா பாஸ்னு போட்டுத் தர்றோம். இல்லைன்னா பெயில்தான்." கைநாட்டு வைக்கும் அப்பா என்ன செய்வார்? வாங்கிக்கொண்டு போவார். மறுவருடம் பள்ளி வாசலில் பேனர் தொங்கும், 'நூறு சதவீதத்தை நோக்கி' என்று. தேறாதவனை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் சதவீதம் ஏறத்தானே செய்யும்? இது என்ன பெரிய சாதனை?

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று தற்காலிகமாகப் போட்டு வைப்போம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தற்காலிகமாக மட்டும்தான்! எங்கே பிழை என்று தேடி, கண்டுபிடித்து, அந்தக் கணக்கை மூட வேண்டும். மூடாமலே வருடக்கணக்கில் வைத்திருந்தால், எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வகுப்புக் கணக்கைப் போட்டேன். ஒன்பதாம் வகுப்பில் 61 பேர். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது 46. இடையில் போனவர்கள் 15. எழுதியவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். குரூப்பில் இருப்பது 33. அப்படியானால், எழுதியும் குரூப்பில் இல்லாதவர்கள் 10. ஆக மொத்தம் 25 பேர் அனாமத்து.

அந்தப் பத்தில் மூன்று பேர் பெயிலானவர்கள். மீதி ஏழு பேர் பெண்கள். கல்யாணம் ஆகி இனிஷியல் மாறி, ஊர் மாறி, நம்பர் யாரிடமும் இல்லை. இருந்த ஒருவரும் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். 2018-ல் '96' படம் வந்த சமயம், 'நம்ம கிளாஸ் ஜானு யாரு?' என்று ஒரு புண்ணியவான் கேட்க, அவர் பெயரைப் போட்டு நாலு பேர் சிரித்தார்கள். மறுநாள் காலை அவர் இல்லை. 'சென்ஸ் ஆஃப் ஹ்யூமரே இல்லப்பா' என்று விமர்சனம் வேறு. வீட்டில் அந்த மெசேஜைப் படித்தது யார், அங்கே என்ன நடந்தது என்று ஒருத்தராவது யோசித்தோமா?

விழாக் குழுவினரிடம் இதையெல்லாம் கேட்டேன். "எல்லாரையும் தேடிப் பிடிக்க நாம என்ன சி.பி.ஐ.யா?" என்றார் ஒருவர். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்த ரிட்டயர்டு சாரைத் தேடிப் பிடித்து, கார் அனுப்பிக் கூட்டி வரத் தெரிந்தது நமக்கு. ரோட்டைத் தாண்டினால் இருக்கிற டீக்கடை தெரியவில்லை!

"அவங்களுக்கே வர்றதுக்குச் சங்கடமா இருக்கும்டா" என்றார் இன்னொருவர். இருக்கும்தான். ஆளாளுக்கு எழுந்து பதவியையும் பிளாட்டையும் பட்டியல் போடுகிற சபையில் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? சங்கடத்தைச் சமைத்துப் பரிமாறியது நாம். வராதது அவன் கூச்சமா?

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது' என்று நீங்கள் சொல்லலாம். சில மாறியிருக்கின்றன. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் குழந்தையை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. தமிழக அரசு 2017-ல் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. நல்ல காரியங்கள். ஆனால், கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்போடு முடிகிறது. என் நண்பன் வெளியே தள்ளப்பட்டது ஒன்பதாம் வகுப்பில். நூறு சதவீத பேனரும் இன்றைக்கும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்கள் ஊரில் பாருங்கள்.

நீங்களும் இந்த வருடம் எங்கேயாவது ஒன்றுகூடத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தாராளமாகக் கூடுங்கள். மூன்றே மூன்று விஷயம் மட்டும் செய்யுங்கள்.

ஒன்று, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை வைத்து ஆள் சேர்க்காதீர்கள். ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துச் சேருங்கள். பெயர்கள் ஞாபகம் இல்லையா? ஊரை விட்டுப் போகாதவனிடம் கேளுங்கள். அவனுக்கு எல்லோரையும் தெரியும்.

இரண்டு, வசூலை மண்டப வாசலில் வைக்காதீர்கள். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். யார் எவ்வளவு என்பது ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் போதும். டிரோன் இல்லாவிட்டால் நட்பு ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று, 'நான் இப்ப யாரு தெரியுமா' என்கிற மைக் படலத்தை ரத்து செய்யுங்கள். விசிட்டிங் கார்டு கொடுக்க வேறு இடம் இருக்கிறது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் நழுவக்கூடாது. அந்த குரூப்பில் நான் ஆறு வருடமாக இருக்கிறேன். ஒரு தடவைகூட 'அவன் எங்கேடா?' என்று கேட்டதில்லை. பத்திரிகைக்காரன். ஊரில் உள்ள எல்லோரையும் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன்!

போன வாரம் அந்த 25 பெயர்களையும் குரூப்பில் போட்டேன். நாலு கட்டைவிரல் வந்தது. 'சண்டே காலையில எதுக்குடா அரசியல்?' என்று ஒரு கேள்வி வந்தது. அப்புறம் ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங் வந்து, என் பட்டியல் மேலே ஏறி மறைந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு போன். எங்கள் குரூப்பில் அதிகம் பேசாத ஒரு வகுப்புத் தோழி. மூன்று பெண்களின் நம்பர் கொடுத்தார். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். "இத்தனை வருஷமா யாரும் கேக்கலை, அதான் நான் சொல்லலை" என்றார்.

டீ மாஸ்டர் ஒன்று, கபடிக்காரன் ஒன்று, இவர்கள் மூன்று. அனாமத்துக் கணக்கில் இன்னும் 20 பேர் பாக்கி.

உங்கள் வகுப்பில் எத்தனை?