எடை எங்கும் போவதில்லை

"பிரேக் அழுத்தினால் எடை முன்னால் போகிறது." நம் பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் இந்த வாக்கியம் ஏறக்குறைய மந்திரமாகிவிட்டது. நான் வசிக்கும் வடநாட்டு விடுதியிலும் இதையேதான் "வஜன் ஆகே ஆதா ஹை" என்கிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் இது பொய். பிரேக் அழுத்தும் கணத்தில் காரின் எந்த உறுப்பும் தன் எடையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் நடப்பதில்லை. இன்ஜின் இருந்த இடத்தில் இருக்கிறது; ஓட்டுநர் இருந்த இடத்தில் இருக்கிறார். மாறுவது ஒன்றுதான்: ஒவ்வொரு டயரும் தரையை அழுத்தும் விசை. ஆங்கிலத்தில் தவறாக நிலைபெற்ற ஒரு தொடரை வாங்கி 'எடைப் பெயர்ச்சி' என்று ஆக்கிக்கொண்டோம். 'சுமைப் பெயர்ச்சி' என்றிருக்க வேண்டும்.

சொல்லைப் பிடித்துத் தொங்குவது மொழியியல் படிப்பவனின் நோய் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லை நம்பி என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள். எடை 'போகிறது' என்று நம்புகிறவன், அதைப் போகாமல் தடுக்க முடியும் என்றும் நம்புவான். கார் முன்பக்கம் குனிவதைக் காண்கிறான். எடை அங்கே சரிகிறது என்று முடிவு கட்டுகிறான். கடினமான ஸ்பிரிங் வாங்குகிறான். குனிவு குறைகிறது, சுமைப் பெயர்ச்சியோ அப்படியே இருக்கிறது. ஏனெனில் அதைத் தீர்மானிப்பவை காரின் நிறை, எதிர்முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் ஆகிய நான்கு மட்டுமே. ஸ்பிரிங்குக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இரண்டாவது மூடநம்பிக்கை இன்னும் ஆபத்தானது: "நம் கார் இலகுவானது, ஆகவே இந்தச் சிக்கல் நமக்குக் குறைவு." கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கைக் காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு 300 கிலோ; முன்-பின் பங்கீடு 45:55; அச்சுகளுக்கு இடையே 1550 மி.மீ. (விதி கோரும் குறைந்த அளவு 1525). ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 300 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயரோடு 1.4 ஜி எதிர்முடுக்கத்தில் நிறுத்தினால் 81 கிலோ அளவுக்குச் சுமை முன் டயர்களுக்கு மாறுகிறது. மொத்தத்தில் இது 27 சதவீதம். இப்போது ஒரு குடும்பக் கார்: ஈர்ப்பு மையம் 550 மி.மீ., அச்சிடைத் தூரம் 2600 மி.மீ., சாலை டயரில் 0.9 ஜி. மாறுவது 19 சதவீதம்தான். தாழ்வான, இலகுவான பந்தயக் காரில்தான் விகிதம் அதிகம்! கார் குட்டை என்பதாலும் டயரின் பிடிப்பு அதிகம் என்பதாலும் நேர்வது இது. நிறை குறைந்தால் மாறும் கிலோக்கள் குறையும்; பங்கு குறையாது. பிரேக்கின் முன்-பின் பகிர்வைத் தீர்மானிப்பதோ பங்குதான்.

ஆகவே நிற்கும்போது 45:55 ஆக இருந்த கார், முழு பிரேக்கில் 72:28 ஆகிறது. அதே கார் மழையில் 0.7 ஜி-க்கு மேல் நிறுத்த முடியாமல் போனால் 59:41. ஒரே காருக்கு ஒரே மதியத்தில் இரண்டு நியாயமான விடைகள். மழைக்கேற்ப 59:41 என்று பிரேக்கை வைத்துவிட்டு உலர்ந்த பாதையில் அழுத்தினால், 28 பங்கு சுமை தாங்கும் பின் சக்கரங்களுக்கு 41 பங்கு பிரேக் போகிறது. அவை முதலில் பூட்டிக்கொள்ளும். சுழல்வதை நிறுத்திய டயர் பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்கும். பின்பக்கம் பிடிப்பில்லாமல் முன்பக்கம் பிடித்திருந்தால் கார் தன்னையே சுற்றிக்கொள்ளும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டியரிங் பயனற்றுப் போகும். ஆனால் கார் நேராகப் போகும், பெடலைச் சற்று விட்டால் பிடிப்பு திரும்பும். இதனால்தான் பயணிகள் கார்களுக்கான ஐ.நா.வின் ஆர்13-எச் விதி, 0.15 முதல் 0.8 வரையிலான பிரேக்கிங் விகிதங்களில் பின் அச்சு முன் அச்சை முந்திப் பூட்டக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறது.

இந்த இடத்தில் 50:50 பக்தர்களிடம் ஒரு வார்த்தை. 'பேலன்ஸ்' என்ற ஒரே சொல்லால் நீங்கள் மூன்று பொருள்களைச் சுட்டுகிறீர்கள்: நிற்கும் காரின் எடைப் பங்கீடு, பிரேக் விசையின் பகிர்வு, வளைவில் காரின் நடத்தை. முதலாவது 50:50 என்றால் மற்ற இரண்டும் தாமே சரியாகிவிடும் என்பது சொல்லின் ஒலியொற்றுமை தந்த மயக்கமே தவிர இயற்பியல் அன்று. பைக் காலிப்பர் நான்கு மொத்தமாக வாங்கி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே டிஸ்க் போட்டு, ஒரே அளவு மாஸ்டர் சிலிண்டர் இரண்டை வைத்தால் பிரேக்கும் 50:50 ஆகிவிடும். பிறகு பேலன்ஸ் பாரின் திருகை முனைவரை திருப்பியும் போதவில்லை என்று புலம்பல். முன் சர்க்யூட்டுக்கு 5/8 அங்குலமும் பின்னுக்கு 3/4 அங்குலமும் என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றினாலே முன் அழுத்தம் 1.44 மடங்காகும், 50:50 என்பது 59:41 ஆகும். மீதியைப் பின் காலிப்பரின் பிஸ்டனைச் சிறியதாக்கிப் பெறலாம். பேலன்ஸ் பார் கடைசி நுண்திருத்தத்துக்கு. முன்னால் பெரிய டிஸ்க் மாட்டுவதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. இருக்கும் பிரேக்கே டயரைப் பூட்ட வல்லதென்றால் பெரிய டிஸ்க் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது.

போட்டியின் பிரேக் சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஓடிவந்து நான்கு சக்கரமும் பூட்டி நேராக நிற்க வேண்டும் என்பது விதி. பிரேக்குக்குப் போதிய வலு உண்டா என்று அறிய அது போதும். எது முதலில் பூட்டியது என்று அது கேட்பதில்லை. பகிர்வு எவ்வளவு கோணலாக இருந்தாலும் பெடலை இன்னும் பலமாக மிதித்தால் மிச்சச் சக்கரங்களும் பூட்டிவிடும்; ஒட்டுவில்லை கிடைத்துவிடும். அந்த ஒட்டுவில்லையைப் 'பிரேக் சரியாக இருக்கிறது' என்ற சான்றிதழாக வாசிப்பது நம் குற்றம். அந்தக் காரில் உட்காருபவர் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் அல்லர், இரண்டாம் ஆண்டு மாணவர்.

இலகுவான காரில் அளவிடுவதே கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஈர்ப்பு மையத்தின் உயரத்தைக் கணினி மாதிரியிலிருந்து எடுத்து எழுதிவிடுகிறார்கள். அதில் ஓட்டுநர் ஒரு உருளை. நேர்மையான வழி பழையது: டேம்பர்களைக் கழற்றி இரும்புத் தண்டு பொருத்தி, டயர்களை இறுக்கமாக நிரப்பி, ஓட்டுநரை உட்கார வைத்து, பின் சக்கரங்களை 30 செ.மீ. உயர்த்தி, முன் சக்கரங்களின் கீழுள்ள தராசில் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. நம் காரில் கூடுவது மூன்று கிலோகூட இராது. தராசு ஒரு கிலோ பிசகினால் உயரம் 26 மி.மீ. பிசகும், 1.4 ஜி-யில் பின் சக்கரச் சுமை 84-க்குப் பதிலாக 77 அல்லது 91 என்று வரும். ஆகவே நான்கைந்து முறை அளக்க வேண்டும், வெவ்வேறு உயரங்களில். ஓட்டுநர் மாறினால் மீண்டும். 55 கிலோ ஓட்டுநர் இறங்கி 85 கிலோ ஓட்டுநர் ஏறினால் காரின் மொத்த எடை ஏறக்குறைய பத்திலொரு பங்கு மாறுகிறது. 1200 கிலோ காரில் இதை யாரும் உணர மாட்டார்கள். இதற்கு ஒரு முழு நாள் செலவாகும் என்பது உண்மை. பக்கவாட்டுத் தகடுகளுக்கு வண்ணம் தீட்ட மூன்று நாள் கிடைத்ததும் உண்மை.

கியரைக் குறைக்கும்போது இன்ஜின் இழுப்பும் பின் சக்கரத்தில்தான் சேரும் என்பதால், கணக்கு காட்டும் விடையைவிடச் சற்று முன்பக்கம் தள்ளியே பகிர்வை வையுங்கள். சோதனை ஓட்டத்தில் கைபேசியைத் தரையோடு, சக்கரத்தின் உயரத்தில் வைத்துப் படமெடுத்து, எந்தச் சக்கரம் முதலில் நின்றது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உலர்ந்த பாதைக்கு ஒரு வரி, நனைந்த பாதைக்கு ஒரு வரி. ஓட்டுநர் பெயரோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த இரண்டு வரிகள் இல்லாத அணி தன் காரை 'டியூன் செய்துவிட்டோம்' என்று பதிவிட்டால், அதன் கீழே வந்து கேட்பேன்.