கடுகளவு நத்தையும் மின்கார் கனவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெவாடா மாநிலத்தில், ஓரிகன் எல்லைக்கு அருகே தேக்கர் கணவாய் எனும் வறண்ட பகுதி உள்ளது. அதைச் சுற்றியுள்ள 13 நீரூற்றுகளில் மட்டுமே வாழ்வதாக அறியப்பட்டுள்ள ஓர் உயிர், 'கிங்ஸ் ரிவர் பிர்க்' எனப்படும் நன்னீர் நத்தை. கடுகளவே உள்ள இந்த நத்தை, இன்று நம் காலத்தின் பெரிய கேள்வி ஒன்றை எழுப்பியுள்ளது.

அக்கணவாயின் மண்ணில் லித்தியம் பெருமளவில் புதைந்துள்ளது. மின்கார்களின் பேட்டரிகளுக்கு இது இன்றியமையாதது. 2021 சனவரியில் அங்கே சுரங்கத்திற்குக் கூட்டரசு ஒப்புதல் தந்தது. 2023 மார்ச்சில் பணிகள் தொடங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 65 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. 2024இல் அரசு 226 கோடி டாலர் கடனுக்கு இசைவளித்தது. பெட்ரோல் புகையைக் குறைக்கும் இம்முயற்சி நல்ல நோக்கம் கொண்டது என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அந்த நத்தையின் நிலை என்ன? செவுள்களால் மூச்சுவிடும் இவ்வுயிர் காய்ந்த தரையைக் கடந்து வேறு ஊற்றுக்குப் போக முடியாது. சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் தாழ்ந்து ஊற்றுகள் வற்றினால் அதன் இனமே அழியும் என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் அச்சம். எனவே 2022இல் அவர்கள் இதற்குச் சட்டப் பாதுகாப்புக் கோரி மனு அளித்தனர். பாதுகாப்புத் தேவைப்படலாம், விரிவாக ஆராய வேண்டும் என்று 2024இல் வனவிலங்குத் துறை அறிவித்தது. சுரங்கம் மட்டும் காரணமல்ல, ஊற்றுகளை மிதித்துக் கலக்கும் மேய்ச்சல் மாடுகளும் ஆபத்தே என்பது அம்மனுவில் கூறப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இது நல்லதற்கும் தீயதற்கும் இடையிலான போராட்டம் என்றால் தீர்ப்பு எளிது. இங்கோ, பூமியைக் காக்க எடுக்கும் முயற்சியே பூமியின் ஓர் உயிரை அழிக்கக்கூடும் என்பதுதான் வேதனை. லித்தியம் வேறு நாடுகளிலும் கிடைக்கிறது. பழைய பேட்டரிகளிலிருந்து அதை மீட்கவும் வழி உண்டு. அந்த நத்தைக்கோ வேறு ஊர் இல்லை. ஊற்றுகளுக்கு வேலியிடுவதும், நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து வெளிப்படையாகச் சொல்வதும், நீர் குறைந்தால் தோண்டுவதை நிறுத்துவதும் இயலாத செயல்களல்ல.

நம் கையிலுள்ள கைபேசியிலும் லித்தியம் இருக்கிறது. நமது வசதிக்கான விலையை எங்கோ ஓர் ஊற்றில் வாழும் வாயில்லா உயிர் செலுத்த வேண்டுமா? சிந்திப்போம்.