கேபிள் ஒயரில் வருவது படம் மட்டுமா? தெருவின் கரண்டும் கூடவே வருகிறது!

டி.வி.க்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது. கையை உதறிக்கொண்டு, "லேசாத்தான் அடிக்குது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீரியல் பார்க்க உட்கார்ந்து விடுகிறார்கள்.

புதுக்கோட்டை ராஜ வீதிகளிலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி பக்கமும் சரி, இந்த 'சுரீர்' பழகிப்போன சங்கதி. கொசுக்கடி மாதிரி சகித்துக் கொள்கிறார்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் டெஸ்டரை வைக்கிறார். உள்ளே இருக்கும் குட்டி பல்பு மங்கலாக எரிகிறது. "ரிட்டன் கரண்ட்ணே, ஆளை அடிக்காது" என்கிறார். கேபிள்காரரைக் கேட்டால், "எங்க ஒயர்ல கரண்டே கிடையாது சார், சிக்னல் மட்டும்தான். உங்க வீட்டு லைனைப் பாருங்க" என்கிறார். மின்வாரியத்துக்குப் போனால், "மீட்டர் வரைக்கும்தான் எங்க வேலை. உள்ளே இருக்கறது உங்க பாடு" என்று பதில்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் பெரிய பொய்யாகி விடுகிறது!

வலைதான் வில்லன்

கேபிள் ஒயரை வெட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். நடுவில் ஒற்றைக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக். அதற்கு மேல் அலுமினியத் தாள், பின்னல் வலை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. படம் நடுக்கம்பியில் வருகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் படத்தில் கலக்காமல் காப்பது வலையின் வேலை. இந்த வலைதான் டி.வி.யின், செட்டாப் பாக்ஸின் பின்பக்க இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

செட்டாப் பாக்ஸுக்கும் பெரும்பாலான டி.வி.க்கும் டூ பின் பிளக்தான். எர்த் கிடையாது. அதற்குள் இருக்கும் பவர் சப்ளையில், இரைச்சலைத் தடுக்க ஒரு சின்ன கண்டென்சர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மெயின் கரண்டிலிருந்து துளித்துளியாகக் கசிந்து, வெளியே இருக்கும் இரும்புக்கும் வலைக்கும் வருகிறது. ஒரு பெட்டியிலிருந்து கசிவது ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குகூட இருக்காது. ஆளைக் கொல்லாது. எலக்ட்ரீஷியன் சொன்னது அந்த மட்டில் சரி.

ஆனால் வலை ஒரு வீட்டோடு நிற்கிறதா? போஸ்டில் இருக்கும் டப்பா வழியாக அடுத்த வீடு, எதிர் வீடு, மூலைக்கடை என்று தெருவே ஒரே வலையில் கோக்கப்பட்டிருக்கிறது. எங்கேயும் எர்த் இல்லை என்றால் ஐம்பது வீட்டுக் கசிவும் அந்த வலையிலேயே தேங்கி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று யார் முதலில் தொடுகிறாரோ, அவர் உடம்புதான் அந்தத் தெருவுக்கே எர்த்!

சுமார் ஒரு மில்லி ஆம்பியர் வந்தால் மனிதனுக்குத் தெரிகிறது. பத்தை எட்டினால் பிடித்த பிடியை விடமுடியாமல் கை இறுகிக்கொள்ளும். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. கசிவு மட்டும் என்றால் பெரும்பாலும் முதல் படியோடு நிற்கும். கதை அதோடு நிற்பதில்லை. தெருவில் ஒரே ஒரு வீட்டில் டி.வி. பவர் சப்ளை பழுதாகட்டும், அல்லது போஸ்டில் தொங்கும் ஆம்ப்ளிஃபையரில் தண்ணீர் இறங்கட்டும். கசிவு போய் முழு 230 வோல்ட்டும் வலையில் ஏறிவிடும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ள வீடுகளில் ஷாக் அடித்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு மாட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். மிக்சியிலோ ஹீட்டரிலோ ஷாக் அடித்தால் அது உயிரைக் காக்கும். ஆனால் கேபிள் வழியாக வருவது பக்கத்து வீட்டு மீட்டரில் ஓடிய கரண்ட். அது இந்த வீட்டு சுவிட்சைத் தொடுவதே இல்லை. ஆள் துடித்தாலும் சுவிட்சுக்குத் தெரியாது. மெயினையே அணைத்தாலும் வலையில் கரண்ட் இருக்கும்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே தொட்டேன், எப்படி அடிச்சது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உயரக் குழாயிலிருந்து ஓட்டு வீடு வரை

இந்த மாவட்டத்துக்கு டி.வி. ஆசை புதிதல்ல. இலங்கையில் 1982ல் ரூபவாஹினி தொடங்கியபோது மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையோரத்தில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டிப் படம் பிடித்தார்கள். பிறகு கேபிள் வந்தது. 2006ல் அரசின் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. 2011ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. ஓட்டு வீடு, தகரக் கொட்டகை, குடிசை எல்லாவற்றுக்குள்ளும் கேபிள் நுழைந்தது. ஏழை வீட்டிலும் படம் தெரிந்தது. நல்லதுதான்.

ஆனால் அந்தக் குடிசைகளில் பலவற்றுக்கு இருந்தது ஒற்றை விளக்குக்காகக் கொடுத்த மின் இணைப்பு. எர்த் என்ற பேச்சே அங்கே கிடையாது. கேபிளை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்று, தகரத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி உள்ளே இழுத்து விட்டார்கள். காற்றில் ஆடி ஆடி கறுப்பு உறை தேய்ந்தால் வலை தகரத்தைத் தொடும். அப்புறம் கூரையே கரண்ட்!

கொடியும் இதில் சேர்த்தி. பழைய கேபிள் துண்டு வலுவாக இருக்கிறதே என்று துணி காயப் போடும் கொடியாகக் கட்டுகிறார்கள். ஒரு முனையை டிஷ் ஆன்டெனா குழாயிலும் மறு முனையை மின்சார ஒயர் வரும் குழாயிலும் கட்டிய மொட்டை மாடிகள் எத்தனையோ. மழைக்காலத்தில் கொடியில் ஷாக் அடித்து இறந்தார் என்று செய்தி வராத வருஷம் தமிழ்நாட்டில் உண்டா? ஈரத்துணியோடு போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

போஸ்டில் நடப்பது

மின்கம்பத்தில் கேபிள் கட்டாதே என்று மின்வாரியம் எச்சரிப்பதும், சில நாள் அவிழ்ப்பதும், பிறகு மறுபடி கட்டுவதும் வாடிக்கையாகிவிட்டது. மேலே மின்கம்பி, கீழே கேபிள் கற்றை. காற்றில் மின்கம்பி அறுந்தால் நேராகக் கேபிள் மேல்தான் விழும். கம்பத்தில் ஏறிய கேபிள் ஊழியர்கள் மின்சாரம் தாக்கி இறந்த செய்தியும் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. வீட்டுக்காரருக்கு இது ஷாக். அந்தத் தொழிலாளிக்கு இது தினசரி பிழைப்பு. அவர் கையில் ரப்பர் கையுறை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கஜா புயலை மறந்துவிட முடியுமா? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த அந்தப் புயல், டெல்டாவோடு சேர்த்து இந்த மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. பாதித்த மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்வாரிய ஊழியர்கள் ராப்பகலாக உழைத்துக் கம்பம் நட்டார்கள். கேபிள்காரர்களும் ஓடி ஓடி ஒயர் இழுத்தார்கள். அவசரத்தில் இழுத்த ஒயருக்கும், டேப் சுற்றிய ஜாயிண்டுக்கும் யார் எர்த் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

இடி விஷயத்தில் ஒரு தப்பான தைரியமும் உண்டு. இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்குகிறார்கள். கேபிளை அப்படியே விட்டு விடுகிறார்கள். மின்னல் எங்கோ விழுந்தாலும் கம்பத்து வழியாக வலையில் ஓடி வந்து டி.வி.யைச் சுட்டுவிடும். "பிளக்கைப் பிடுங்கியும் எரிஞ்சு போச்சே" என்று புலம்பியவர்கள் உண்டு. வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குவதற்கு முன்பே, செருப்புப் போட்டுக்கொண்டு, உலர்ந்த கையால், கறுப்பு உறையைப் பிடித்துக் கேபிளையும் கழற்றி விடவேண்டும். தலைக்கு மேல் இடி வந்த பிறகு தொடவே கூடாது.

ஒரே மட்டம்

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. செலவும் பெரிதல்ல.

மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஷாக் அடிப்பதில்லை. இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் காரணம். வீட்டிலும் அதே கணக்குதான். கேபிளின் வலை, ஃபிரிட்ஜின் உடம்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் வீட்டின் ஒரே எர்த்தில் சேர்ந்திருந்தால், எதைத் தொட்டாலும் கரண்ட் ஓட வித்தியாசம் இருக்காது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே இதைச் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் கேபிள் மாட்ட இடமும், எர்த் ஒயரை முடுக்க ஒரு திருகும் உள்ள சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. கிரவுண்ட் பிளாக் என்று பெயர்.

அமெரிக்காவின் மின் விதித்தொகுப்பில் இது கட்டாயம். ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளில் அந்த எர்த் ஒயர் 20 அடிக்கு மேல் நீளக்கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். கேபிளுக்கென்று தனி எர்த் போட்டால், அதையும் வீட்டு எர்த்தோடு தடித்த ஒயரால் இணைத்தாக வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு நாளைக்கே மாட்டிவிடக் கூடாது. வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். த்ரீ பின் சாக்கெட்டின் பெரிய ஓட்டையில் ஒயரே இல்லாத வீடுகள் ஏராளம். எல்லா எர்த் ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மண்ணுக்கு இறக்காமல் விட்ட வீடுகளும் உண்டு. அங்கே கேபிள் வலையைச் சேர்த்தால் தெருவின் கசிவு முழுவதும் ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் போய்விடும். வியாதியை விட வைத்தியம் மோசம்!

இன்னொரு கெட்ட பழக்கம், சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. "எர்த் குடுத்தாச்சு" என்று சொல்லிக் காசு வாங்கிப் போகிறார்கள். என்றைக்காவது போஸ்டிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் மொத்தக் கரண்டும் திரும்பிப் போக வழி தேடும். கேபிளின் வலைதான் வழி என்று கிடைத்தால், அந்த மெல்லிய வலை பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நார்வே, ஸ்வீடனில் விற்கும் டி.வி.க்களின் கையேட்டிலேயே, எர்த் உள்ள கருவியைக் கேபிளோடு நேரடியாகச் சேர்த்தால் தீ அபாயம் உண்டு என்று அச்சிட்டு, நடுவே கரண்டைப் பிரிக்கும் ஒரு தடுப்பை மாட்டச் சொல்கிறார்கள்.

எர்த் என்றால் ஒரு அடி கம்பியைத் தோட்டத்தில் சொருகுவது அல்ல. ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி, எர்த் குழாய் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது எட்டு அடிக்கு மேல். புதுக்கோட்டையில் இது லேசான வேலை இல்லை. பல இடங்களில் செம்புராங்கல். நார்த்தாமலை, குடுமியான்மலை பக்கம் கருங்கல் பாறை. மழை பெய்தாலும் ஈரம் தங்காது. சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் எர்த் குழி வைத்த பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் வேறு தொல்லை. மண்ணில் ஈரம் உண்டு. ஆனால் உப்புக்காற்று ஜாயிண்டை அரித்துத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுரண்டிப் பார்த்தாக வேண்டும்.

ஃபைபர் வந்தாச்சே?

"இப்பத்தான் ஃபைபர் வந்துடுச்சே, கண்ணாடி இழையில கரண்ட் ஏது?" என்று கேட்கலாம். இழையில் இல்லைதான். ஆனால் வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் ஒயர் தொய்யாமல் இருக்க, கூடவே இரும்புக் கம்பி ஓடுவது வழக்கம். அது மின்கம்பியைத் தொட்டால் சும்மா இருக்குமா? தெரு முனை வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய கேபிள் என்று பாதிக் கிணறு தாண்டிய இடங்களும் உண்டு.

கேபிள் தொழிலுக்கு 1995லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. என்ன நிகழ்ச்சி காட்டலாம், கூடாது என்று அதில் இருக்கிறது. கருவிகள் இந்தியத் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. படத்தில் ஏதாவது தப்பாக வந்தால் ஊரே கேள்வி கேட்கிறது. படத்தோடு வரும் கரண்டை யார் பார்ப்பது?

கேபிள்காரர்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கும் எர்த், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கிரவுண்ட் பிளாக் என்பது இணைப்புக் கட்டணத்திலேயே அடங்க வேண்டிய வேலை. வீட்டுக்காரரிடம் தனிக் காசு கேட்பது நியாயம் இல்லை. மின்வாரியம் ஒயரை வெட்டிப் போடுவதோடு நிற்காமல், கம்பத்தில் கேபிள் இருக்க அனுமதிப்பதானால் எவ்வளவு இடைவெளி, எங்கே எர்த் என்று எழுதிக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வீட்டுக்குள் எர்த்தைச் சரி செய்வது மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. "டி.வி. உன்னுது, எர்த்தும் நீயே போட்டுக்க" என்று குடியிருப்பவர் தலையில் கட்டக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இந்தச் சோதனை முடிய வேண்டும். மாதக் கட்டணம் வாங்க ஆள் வரும்போது, "ஒயர் உள்ளே வர்ற இடத்துல எர்த் எங்கப்பா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாலே பாதி வேலை நடக்கும். தெருவில் கேபிள் அறுந்தோ தொய்ந்தோ கிடந்தால், கேபிள்தானே என்று கையால் தூக்கி ஓரமாகப் போடவேண்டாம். மின்கம்பியோடு பின்னிக் கிடக்கிறதா என்று கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. குழந்தைகளையும் மாட்டையும் விலக்கி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குப் போன் செய்துவிட்டு, ஆள் வரும் வரை ஒருவர் அங்கேயே காவல் நின்றால் போதும்.