டயருக்கு எலுமிச்சம்பழம், கேபினுக்கு என்ன?

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ரெஸ்ட் எடுக்குற வண்டிதான் ஞாபகம் வரும். இல்லன்னா, வேனுக்குள்ள கட்டில், அடுப்பு எல்லாம் வெச்சு ஊர் சுத்துற யூடியூப் ஆளுங்க. சேத்தியாத்தோப்புல அதெல்லாம் ஏதுன்னு கேட்காதீங்க. ராத்திரி பதினோரு மணிக்குக் குறுக்கு ரோட்டுப் பக்கம் வந்து பாருங்க. சிதம்பரம், விருத்தாசலம், வடலூர், கும்பகோணம்னு போற லாரிகள் ஓரமா நிக்கும், உள்ள ஆள் தூங்கிட்டு இருப்பார். அரவை சீசன்ல சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டு வர்றவங்களுக்கும் முறை வர்ற வரைக்கும் வண்டிதான் வீடு. நம்ம ஊர் மோட்டார் ஹோம், லாரி கேபின்தான் மக்களே.

அந்த வீட்டை யார் சுத்தம் பண்றது? ஒரு காலத்துல லாரியில டிரைவரோட கூட ஒருத்தர் போவார். அவருக்குப் பேரே கிளீனர். இப்ப நிறைய வண்டியில டிரைவர் மட்டும்தான். கேபின் நாறினா, "லாரிக்காரங்க அப்படித்தான்"னு சொல்லிட்டு நாம போயிடுறோம். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. அழுக்கு கேபின் முதல்ல டிசைன் பிரச்சினை, அடுத்து நேரமும் தண்ணியும் கிடைக்காத பிரச்சினை. பழக்கம் மூணாவதுதான்.

எப்படின்னு கேட்டா, தரையில இருந்தே ஆரம்பிக்கலாம். சீட்டு கால், கியர் லீவர் எல்லாத்தையும் சுத்தி வெட்டிப் போட்ட மேட்டைச் சுலபமா வெளிய எடுக்க முடியாது. மழையில நனைஞ்ச செருப்போட ஏறுறப்போ தண்ணி அதுக்கு அடியில போய்த் தங்கும். தகடு கீழ இருந்து துருப்பிடிக்கும், மேல நாத்தம் வரும். சீட்டு ரெக்ஸின் கிழிஞ்சா உள்ள இருக்கிற ஃபோம் வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும். கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை ஏத்திட்டுப் படுத்தா, மூச்சுல வர்ற ஈரம் கண்ணாடியிலயும் படுக்கையிலயும் இறங்கும். துவைக்கவோ காயவைக்கவோ வழியில்லாத மெத்தையைக் கொடுத்துட்டு, சுத்தமா இருன்னு சொல்றது என்ன நியாயம்?

இப்ப ஏசி வந்தாச்சே, அப்புறம் என்னன்னு கேக்கலாம். 3.5 டன்னுக்கு மேல எடை உள்ள சரக்கு வண்டிகள் 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாரிக்கப்பட்டா கேபின்ல ஏசி கட்டாயம்னு மத்திய அரசு 2023 டிசம்பர்ல அறிவிச்சது. மனசார வரவேற்கிறேன். ஆனா ஜன்னல் திறந்து கிடந்த வரைக்கும் காத்தாவது வந்து போச்சு. ஏசி போட்டா கேபின் மூடின பெட்டி. உள்ள இருக்கிற அதே காத்துதான் திரும்பத் திரும்பச் சுத்தும். குளிர்ந்த காயில்ல எப்பவும் ஈரம் இருக்கும், அதுல தூசி ஒட்டினா பூஞ்சை பிடிக்கும். தண்ணி வெளிய போற டியூப் அடைச்சா, அந்தத் தண்ணியும் மேட்டுக்குத்தான் வரும். அதனால ஏசி வந்த பிறகு சுத்தம் செய்ற வேலை கூடுதே தவிர குறையல.

சட்டம் இதை யோசிக்காம இல்ல. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே, தொழிலாளி ராத்திரி தங்குற இடத்துல வெளிச்சமும் காத்தும் சுத்தமும் உள்ள ஓய்வறையை முதலாளி கொடுக்கணும்னு இருந்தது. ஆனா அந்தச் சட்டம் அஞ்சு பேருக்குக் குறையாம வேலை செய்ற நிறுவனத்துக்குத்தான். ஒத்தை லாரி வெச்சிருக்கிறவர்கிட்ட வேலை பார்க்கிற டிரைவர் கணக்குலயே வரல. ஐரோப்பிய யூனியன்ல 45 மணி நேர வார ஓய்வை லாரிக்குள்ளயே எடுக்கக் கூடாதுன்னு விதி. கேபின் எவ்வளவு வசதியா இருந்தாலும் அது வீடாகாதுங்கிறதுதான் அதோட அர்த்தம். நாம அங்க போற வரைக்கும் கேபினையாவது வீடு மாதிரி ஆக்கலாமே.

"வண்டியே தவணையில ஓடுது, இதுக்கு எங்க போறது?"ன்னு ஓனர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனா ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த ஒரு நாள் கிடைக்கிற கவனிப்பு கேபினுக்கு மாசம் ஒரு தடவை கிடைச்சாலே போதும். இதுக்குப் பெரிய செலவும் இல்ல. மேட்டை வெளிய எடுத்து வெயில்ல காயப்போடணும். ரெக்ஸினை டீசல் தொட்டுத் துடைக்காம சோப்புத் தண்ணியில துடைக்கணும். ஏசி பில்டரைக் கழட்டித் தூசி தட்டணும். வண்டியை நிறுத்துறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கூலிங்கை ஆஃப் பண்ணிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டா காயில் காஞ்சிடும். மழைன்னாலும் கேபினுக்குள்ள அடுப்பு மட்டும் பத்த வைக்கவே கூடாது. மூடின இடத்துல கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும்.

மீதி நம்ம கையில இருக்கு. ஒரே துண்டா எடுக்கக்கூடிய மேட், தண்ணி வெளிய போக மூடியோட ஒரு ஓட்டை, கழட்டித் துவைக்கிற சீட் கவர், வெளிய இழுத்துக் காயப்போடற மெத்தை, கொசுவலை போட்ட காத்து வழி. இதுல எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. லாரி பாடி கட்டுற நாமக்கல் பட்டறைகள் நமக்கு ரொம்ப தூரமும் இல்ல. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளோட வடநாடு போய், மாசக்கணக்கா வண்டியிலயே சமைச்சுச் சாப்பிட்டுத் தூங்குற ஆளுங்ககிட்ட கேட்டா, என்ன வேணும்னு ஒரு லிஸ்ட்டே கொடுப்பாங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடிக்கிட்டு இருக்கிற ஜூனியர்ஸுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோ செய்றதுக்கு முன்னாடி, ஒரு லாரி டிரைவர் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டுட்டு கேபின்ல ஏறி அரை மணி நேரம் உட்காருங்க. டேப்பையும் நோட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.