சக்கரத்தின் நடுக்கம்

சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய மோட்டார் வண்டியில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பிரயாணமானோம். செங்கற்பட்டைத் தாண்டும் வரையில் வண்டி பரம சாதுவாகத்தான் சென்றது. சாலை விசாலமானதும் நண்பர் வேகத்தை அதிகப்படுத்தினார். முள் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டதோ இல்லையோ, ஸ்டியரிங் சக்கரம் குளிர் ஜுரம் கண்டவன் கையைப்போல் நடுங்கத் தொடங்கியது.

"என்ன ஸ்வாமி, இது?" என்றோம்.

"ஒன்றுமில்லை. 90-இல் ஆடும்; 110-க்குப் போனால் தானாகவே நின்றுவிடும்" என்று சொல்லி, நண்பர் மேலும் அழுத்தினார்.

பின் ஆசனத்தில் அவருடைய வயதான தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். நோய்க்கு மருந்து தேடாமல், அதைத் தாண்டி ஓடிவிடலாம் என்னும் சிகிச்சை நமக்குச் சம்மதமாயில்லை. மதுராந்தகத்தில் பிடிவாதமாக வண்டியை நிறுத்தச் செய்தோம்.

அங்கே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன், நல்ல வைத்தியரைப்போல் மூன்று கேள்விகள் கேட்டார். "ஸ்டியரிங் ஆடுகிறதா, ஸீட் ஆடுகிறதா? பிரேக் போடும்போது மட்டுமா, எப்போதுமா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறதா?"

நேயர்கள் இக்கேள்விகளை மனத்தில் பதித்துக்கொள்வது நலம். கை நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரத்தின் கோளாறு. ஆசனம் அதிர்ந்தால் பின் சக்கரத்தின் கோளாறு. பிரேக் போடும்போது மட்டும் நடுக்கம் கண்டால், பிரேக் தட்டின் கனம் ஒரே சீராக இல்லை என்று சந்தேகிக்கலாம். வேகத்தைக் கூட்டும்போது ஆடி, காலை எடுத்ததும் அடங்கினால், சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டுத் தேய்ந்திருக்கலாம். இவை எதுவுமின்றி 80-க்கும் 100-க்கும் இடையே மட்டும் ஆட்டம் வந்தால், முதலில் டயரையும் சக்கரத்தின் எடைச் சமநிலையையும் கவனிக்கவேண்டும்.

"ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன முழுகிப்போகும்?" என்று கேட்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் வினாடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்திலுள்ள அந்த 20 கிராம், அப்போது ஏறக்குறைய 3 கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். இந்த உலுக்கலின் தாளமும், வில்லின்மேல் சக்கரம் இயற்கையாக ஆடும் தாளமும் ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சமடைகிறது. அதைத் தாண்டினால் ஆட்டம் குறையும், குற்றம் குறையாது!

நண்பர் ஏற்கெனவே இரண்டு தடவை பணம் கொடுத்து 'அலைன்மெண்ட்' செய்திருந்தாராம். அது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை. கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஏறுமாறாகத் தேயும். இத்தகைய நடுக்கத்துக்கு அது நேர்க் காரணமாவது அபூர்வம்.

கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டிலும் ஆட்டினார். மூட்டுக்களிலும் பேரிங்கிலும் தளர்ச்சி இல்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றி, டயரின் உட்புறத்தைக் கையால் தடவினார். அங்கே பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு! ஏதோ பள்ளத்தில் மோதிய அதிர்ச்சியில் உள்ளிருந்த இழைகள் அறுந்து, மேல் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"இதற்குப் பாலன்ஸிங் பண்ணிப் பிரயோஜனமில்லை, ஸார். இன்னும் கொஞ்ச தூரம் இந்த வேகத்தில் போயிருந்தால் வெடித்திருக்கும்" என்றார்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. குழந்தைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நிதானமாக விழுப்புரம் சென்று, புது டயர் போட்டு, சமநிலையும் பார்த்துக்கொண்டு கிளம்பினோம்.

முள் மறுபடியும் 90-ஐத் தொட்டது. ஸ்டியரிங் அசையவில்லை.

பின்னாலிருந்து தாயார் கேட்டார்: "ஏண்டா அப்பா, இவ்வளவு மெதுவாகப் போகிறாய்?"